வாய் மூடிய பிறகு வந்த குரல்

ஐவி இறந்துபோனார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை முருங்கைக்காய்ப் பெட்டிகளோடு சேர்ந்து வந்தது. லொறிக்காரன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய தங்கையின் மகள் லிண்டா கடை வாசலில் வந்து நின்றாள். கோட்டுப் பொத்தான்களை மாறிப் பூட்டியிருந்தாள். நித்திரையிலேயே போய்விட்டார் என்றாள். பிறகு, "உங்களிடம் முதலில் சொல்லச் சொல்லியிருந்தார். கடைக் கண்ணாடியில் மரண அறிவித்தல் ஒட்டுவதற்காக," என்றாள்.

ஒட்டினோம். பத்து நிமிடம் போகவில்லை, இரவு ஷிப்ட் முடித்து ஸ்டேஷன் பக்கமிருந்து வந்த ஒரு பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என்ன அண்ணை, திரும்பவும் அவவைச் சாகடிச்சுப் போட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை. இந்த முறை உண்மை."

"போன முறையும் இப்பிடித்தானே ஒட்டியிருந்தது. பின்னேரம் பால் வாங்க வருவா, இருந்து பாருங்கோ."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று முழுவதும் ஏழெட்டுப் பேர் அதையே சொன்னார்கள். பின்னேரம் நாலு மணிக்கு, அவர் வழமையாக வருகிற நேரத்தில், கதவு மணி அசைந்தபோதெல்லாம் நானும் நிமிர்ந்து பார்த்தேன். இதில் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பார்த்தேன்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் கடைக்கு வந்துபோகிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சாம்பல் நிறக் கோட்டு, சிவப்புக் கையுறை, ஒரு பைந்து பால், ஒரேயொரு வாழைப்பழம், ஒரு பைக்கட் எள்ளுருண்டை. எள்ளுருண்டை பல்லில் ஒட்டுமே என்று என் மனைவி வசந்தி ஒருநாள் கேட்டதற்கு, "ஒட்டட்டும், பல்லு என்ர இல்லைத்தானே," என்று சொன்ன மனுசி. அவர் யாரென்பதும், போன முறை என்ன நடந்ததென்பதும் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. நான் எழுத்தாளன் இல்லை, அரிசியும் கருவாடும் விற்கிறவன். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

தொடங்குமுன் ஒன்று. ஐவி பேசியது ஆங்கிலம். ஆனால் அது வானொலியில் செய்தி வாசிக்கிற ஆங்கிலம் இல்லை, இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஆங்கிலம். அதைப் புத்தகத் தமிழில் போட்டால் அவருக்கு இன்னொரு முறை அநியாயம் செய்ததாகிவிடும். ஏனென்று போகப்போகத் தெரியும். எல்லாரையும் "லவ்" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்துக் கிழவிகள் "மோனை" என்று கூப்பிடுவார்களே, அதேதான். ஆகவே அவர் பேச்சை என் காதில் விழுந்தபடி, எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

கடைக்கு இருபது வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருந்தார். முதல் பத்து வருடம் அவர் ஒரு நடிகை என்பதே எனக்குத் தெரியாது. ஒரு கார்த்திகை மாதப் பின்னேரம், வெளியே பனிப்புகார் தெருவிளக்கு உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஐவி மீன் பிரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளிருந்து எழுகிற வெண்புகைக்குள் முகத்தைக் கொடுத்தபடி நின்றார். அவர் ஒருநாளும் மீன் வாங்கியதில்லை. சும்மா நின்றார். வரிசையில் நின்ற தாடிக்காரர் ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த கூடை நழுவி வெங்காயம் உருண்டது. அவர் பெயர் கெவின் என்று பிறகு அறிந்தோம், பஸ் ஓட்டுகிறவர். வெங்காயத்தைப் பொறுக்கத்தான் குனிகிறார் என்று நினைத்தேன். அந்த மனிதர் ஐவிக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

"நீங்கள்தானே? மூன்றாவது சாவி?"

ஐவி பிரீசரை மூடினார். முதுகு நிமிர்ந்தது, கழுத்து நீண்டது. எனக்குத் தெரிந்த, பால் வாங்க வருகிற கிழவி போய், வேறு யாரோ அங்கே நின்றார்கள்.

"உள்ளே வாருங்கள். உங்களுக்காகவே விளக்கை ஏற்றி வைத்திருக்கிறேன்."

குளிர்ந்த, மெல்லிய, அரண்மனைக் குரல். மன்னார் பக்கத்துப் பிலோமினா அக்கா, உங்களுக்குத் தெரியும், கோயிலில் பூ அலங்காரம் செய்கிறவா, கையில் பாணோடு சிலுவை அடையாளம் போட்டா.

அப்படித்தான் "நான்கு சாவிகள்" என்ற படத்தைப்பற்றி எனக்குத் தெரியவந்தது. கடலோரத்து விடுதியொன்றில் மழைக்கு ஒதுங்குகிற நான்கு பேருக்கு நான்கு அறைச் சாவிகள் கொடுக்கிறார்கள். சாவிக்கு ஒரு கதை, நான்கும் பேய்க்கதை. மூன்றாவது சாவிக்காரன் தன் அறைக்கு முன்னால் வந்து பூட்டில் சாவியை வைக்குமுன் கதவு தானாகத் திறக்கிறது. ஈரத் தலைமயிரும் கையில் விளக்குமாக ஒரு பெண் நிற்கிறாள், கடலில் மூழ்கிப்போனவள். அந்த ஒரு வசனத்தைச் சொல்கிறாள். அவன் உள்ளே போகிறான். உள்ளே என்ன நடந்தது என்று படம் காட்டுவதில்லை. ஐவிக்கு அப்போது பத்தொன்பது வயது. படம் வந்த நேரத்தில் ஓடவில்லை. பிறகு தொலைக்காட்சியில் போட்டுப் போட்டு, அதை வேதம் மாதிரி மனப்பாடம் செய்த ஒரு கூட்டம் உண்டாகிவிட்டது. ஐவிக்கு மட்டும் அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று நேர்ஸ் வேடம், ஒரு மதுக்கடைக்காரி. கடைசியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருபது வருடம்.

இனி, போன முறை நடந்ததற்கு வருகிறேன்.

கடந்த வருடம் கெவினும் கூட்டாளிகளும் அந்தப் படத்தை நோர்பரியில் ஒரு மண்டபத்தில் விழாவாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். கடைக் கண்ணாடியில் போடும்படி ஒரு சுவரொட்டி தந்தார்கள். நான் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஹவுன்ஸ்லோவுக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டேன். கண்ணாடிப் பொறுப்பு எங்கள் சிவா அண்ணையுடையது. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே என்னோடு பதினைந்து வருடம். மரண அறிவித்தல்களைக் கோடு பிடித்தது மாதிரி நேராக ஒட்டுவார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் கழற்றுவார். அன்று மூக்குக்கண்ணாடி போடவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு பெண் முகம், மேலே ஐவியின் பெயர், பக்கத்தில் எரிகிற விளக்கு, கீழே நடுவில் கோடு போட்டு இரண்டு ஆண்டுகள். படம் வந்த ஆண்டும் விழா ஆண்டும்தான். ஆனால் எங்கள் சனத்துக்கு முகமும் விளக்கும் இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தால் ஒரேயொரு அர்த்தம்தான் உண்டு.

வேலணை ஐயா ஒருவரின் மரண அறிவித்தலுக்கும் மன்னார் ரீச்சர் ஒருவரின் அறிவித்தலுக்கும் நடுவில் அதை ஒட்டினார். ஒட்டியதோடு விட்டாரா? இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறதே, பாவம் என்று நினைத்து, மூலையில் கறுப்பு நாடா குத்தி, வெள்ளைத் தாளில் தன் அழகான கையெழுத்தில் முதல் ஆண்டுக்குக் கீழே "மலர்வு", இரண்டாவதுக்குக் கீழே "உதிர்வு" என்று எழுதி ஒட்டினார். மூன்று மணிக்கு நான் திரும்பி வந்தபோது வாசலில் இரண்டு பூங்கொத்துகள் இருந்தன. பிலோமினா அக்கா கோயிலில் ஒரு பூசைக்கும் சொல்லிவிட்டு வந்து நின்றா.

நாலு மணிக்குக் கதவு மணி அசைந்தது.

"ஒரு பைந்து பால், மோனை."

பிலோமினா அக்காவின் கையிலிருந்த முட்டைப்பெட்டி விழுந்தது. "யேசுவே!"

சிவா அண்ணை வெளிறிப்போய்ச் சொன்னார்: "தம்பி, எனக்கு மட்டும்தானோ தெரியுது, உமக்கும் தெரியுதோ?"

நான் விளங்கப்படுத்த வெளியே கூட்டிக்கொண்டு போனேன். ஐவி கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியில் அவருடைய எண்பது வயது முகம் அந்தப் பத்தொன்பது வயது முகத்தின்மேல் படிந்து படிந்து விலகிக்கொண்டிருந்தது, பஸ் போகும்போதெல்லாம்.

"இந்த எழுத்து என்ன சொல்லுது?"

"மலர்ந்தது, உதிர்ந்தது எண்டு. பூவைச் சொல்லுற மாதிரி."

"ஆக்கள் செத்தால் இப்பிடியே சொல்லுவியள்?" வாசலில் கிடந்த பூங்கொத்தை எடுத்து மணந்தார். "போன முறை படத்திலை செத்தபோது ஒருத்தரும் பூக் கொண்டு வரேல்லை. நாளைக்கும் இருக்கட்டும். கழட்டாதை."

சிவா அண்ணை அவருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார். ஐவி அவர் கையைத் தட்டினார். "வடிவாய்த்தான் ஒட்டியிருக்கிறாய். ஒரு அங்குலம் சரிவில்லை."

உள்ளே வந்தபோது தொலைபேசி அடித்தது, மரக்கறி மொத்த வியாபாரி. நான் என் தொலைபேசிக் குரலை, வெள்ளைக்காரன் பேசுகிற மாதிரி ஒன்றை, எடுத்தேன். "ரே பேசுகிறேன்," என்றேன். கதைத்து முடித்துத் திரும்பினால் ஐவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் அந்த ரே?"

"நான்தான். ராசேந்திரம் எண்டால் அவங்கட வாய்க்குள்ளை போகாது. அந்தப் பேரும் அந்தக் குரலும் இருந்தால்தான் நல்ல பெட்டி வரும். இல்லாட்டி அழுகல்தான்."

"எத்தினை வருசமாய்?"

"இருபத்தெட்டு."

"அப்ப உனக்கும் டப்பிங்தான்," என்றார். பிறகு, பாலைக் கையில் வைத்துக்கொண்டு, அரிசி மூட்டையில் சாய்ந்தபடி சொன்னார். அந்தப் படத்தில் முகம் அவருடையது. குரல் அவருடையது இல்லை. அவர் பேச்சு மூழ்கிப்போன சீமாட்டிக்குப் பொருந்தாது, மீன்காரி மாதிரி இருக்கிறது என்று, அவருக்குத் தெரியாமலே வேறொரு பெண்ணைக் கொண்டு பேச வைத்துவிட்டார்கள். அறுபது வருடமாக எல்லாரும் கேட்பது அந்தக் குரலைத்தான். இவரும் அறுபது வருடமாக அந்தக் குரலைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறார். கெவினுக்குக்கூட அதுவரை தெரியாது.

"விழாவிலை அந்த இடம் வரேக்கை சத்தத்தை நிப்பாட்டச் சொல்லப்போறன். நான் எழும்பி என்ர குரலிலை சொல்லப்போறன். ஒரே ஒருக்கால். நீ என்ன நினைக்கிறாய்?"

இங்கேதான் நான் பிழை விட்டேன். கேட்டவர் யார், என்ன கேட்கிறார் என்று யோசிக்காமல் வியாபாரி வாயால் பதில் சொன்னேன். "சனம் ரிக்கற் எடுத்து வாறது அந்தக் குரலுக்கு. பழகின சாமானை மாத்தினால் திருப்பிக்கொண்டு வந்திடுவாங்கள். உங்கட குரலை ஆர் கேட்டது?"

பாலை மேசையில் வைத்தார். சிவப்புக் கையுறையைப் போட்டார். போய்விட்டார்.

பன்னிரண்டு நாள் வரவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையால் சூப்பர்மார்க்கெட் பையோடு போவதைப் பார்த்தேன். பாலை விற்று வாழ்கிறவனுக்கு அதைவிட வேறு அடி வேண்டாம். வசந்தி சொன்னாள்: "நீங்கள் சொன்னது பிழையில்லை. ஆனால் அவவுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. போய்ப் பாருங்கோ."

எள்ளுருண்டையை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். வாண்டில் ஆற்றங்கரையில் முதலாம் மாடி. ஆற்றுத் தண்ணீரில் பட்ட வெயில் படிக்கட்டுச் சுவரெல்லாம் நெளிந்துகொண்டிருந்தது. ஏறஏறத் தண்ணீருக்குக் கீழே நடப்பது போலிருந்தது. மணியை அழுத்துமுன் கதவு திறந்தது. தலை குளித்திருந்தார். ஈர மயிர் தோளில் ஒட்டிக்கிடந்தது. நான் ஒரு படி கீழே இறங்கிவிட்டேன்.

"பயப்பிடாதை. தேத்தண்ணிதான் தரப்போறன்."

"நான் சொன்னது…"

"நீ சொன்னது சரி. ஆனால் நான் விக்கிறதுக்குக் கேக்கேல்லை, மோனை."

ஜன்னலோரம் இருந்தோம். அந்தப் படப்பிடிப்பு நாளைச் சொன்னார். எண்ணெய்ப் புகையால் பனிப்புகார் செய்தார்களாம், நாக்கில் மூன்று நாள் கசந்ததாம். ஒவ்வொரு முறை கதவைத் திறக்குமுன்னும் தலையில் குளிர்தண்ணீர் ஊற்றினார்களாம். பதினேழு தரம். அதற்குப் பிறகு படம் திரையிட்ட நாள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் தொப்பி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு அம்மா வந்திருந்தாராம். கதவு திறந்தது. திரை நிறைய மகள் முகம். மகள் வாய் திறந்தாள்.

"அம்மா என்ர கையைப் பிடிச்சு, காதுக்குள்ளை கேட்டா: ஐவி, ஆர் கதைக்கிறது?" ஐவி ஆற்றைப் பார்த்தார். "எனக்கும் தெரியேல்லை. நானும் அப்பதான் கேக்கிறன். பஸ்ஸிலை வீடு வரைக்கும் அம்மா ஒண்டும் சொல்லேல்லை. சாகுமட்டும் அந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அவவின்ர கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்லை. அதுக்குத்தான்."

தேநீர் ஆறிப்போயிருந்தது. விழாவுக்கு என் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். எழும்பி அலுமாரியைத் திறந்து எனக்கொரு பிஸ்கட் தந்தார். நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று அதில் தெரிந்தது.

நோர்பரி மண்டபத்தில் அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம் தொண்ணூறு பேர் இருந்திருப்பார்கள். பாதிப்பேர் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நாங்கள் நாலு பேர்: நான், பட்டுச்சேலையில் வசந்தி, கோட்டு சூட்டில் சிவா அண்ணை, கையில் செபமாலையோடு பிலோமினா அக்கா. தொலைபேசிகளை வாசலிலேயே வாங்கிவைத்தார்கள், அது அந்தக் கூட்டத்தின் சட்டம். விளக்கு அணைந்தது. மழை, கடல், சாவிகள். முதலாவது கதை, இரண்டாவது கதை. எல்லாம் சாம்பல் நிறத்தில், கனவுக்குள் யாரோ கனவு காண்கிற மாதிரி.

மூன்றாவது சாவி. நீண்ட நடைபாதை. ஐவி எனக்கு இரண்டு வரிசை முன்னால் எழுந்து நின்றார். கெவின் சத்தத்தை நிறுத்தினார். கடல் போய்விட்டது, மழை போய்விட்டது. புரொஜெக்ரரின் இரைச்சல் மட்டும். கதவு திறந்தது. பத்தொன்பது வயதுப் பெண் விளக்கைத் தூக்கினாள். அவள் வாய் திறந்தது.

ஒன்றும் வரவில்லை.

வாய் அசைந்து, அசைந்து, மூடிவிட்டது. திரையின் வெளிச்சத்தில் ஐவி முன்வரிசை இருக்கையைப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. வசந்தி என் முழங்கையை இறுக்கினாள். பின்னால் யாரோ செருமினார்கள். படத்து மனிதன் அறைக்குள் ஒரு கால் வைத்துவிட்டான்.

அப்போது வந்தது.

"உள்ளுக்கு வாங்கோ. உங்களுக்காகத்தான் லைற்றைப் போட்டு வச்சிருக்கிறன்."

ஆங்கிலத்தில் அதே சொற்கள்தான். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் அது பேயின் குரலில்லை. வேலைக்குப் போன பிள்ளை வரக் காணவில்லையே என்று காத்திருந்து, காலடிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த ஒரு மனுசியின் குரல். கடலில் மூழ்கிய பெண் அறுபது வருடமாக யாரையும் பயமுறுத்த நினைக்கவேயில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தனியே இருக்க ஏலாது, அவ்வளவுதான். ஒருவரும் கைதட்டவில்லை. வெள்ளை பூசிய முகங்களில் கோடு விழுந்திருந்தது.

"எங்கட ஒழுங்கையிலை கூப்பிடுற மாதிரி இருக்கு," என்று பிலோமினா அக்கா மூக்கை உறிஞ்சினா.

வெளியே வந்தபோது ஐவி கெவினிடம் கேட்டார், எப்படி என்று. கெவின் நேர்மையான மனிதர். கண் சிவந்திருந்தது. "நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு மற்றதுதான் பிடிக்கும்," என்றார்.

ஐவி என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "நீ சொன்னபடி ஒரு சாமான் திரும்பி வந்திட்டுது. பிந்தித்தான் சொன்னனான், என்ன?"

"பிந்தினால் என்ன. சொன்னியள்தானே."

"ஓம். சொன்னனான்," என்றார். பஸ் ஜன்னலில் தலை சாய்த்து, சிரித்தபடியே வந்தார்.

ஐந்து மாதத்தில் போய்விட்டார்.

தகனச்சாலையில் சவப்பெட்டிக்கு முன்னால் கூட்டத்தினர் ஒரு சின்னத் திரை வைத்திருந்தார்கள். அவர்களும் அன்பினால்தான் செய்தார்கள், நான் குறை சொல்லவில்லை. கதவு திறந்தது, விளக்கு உயர்ந்தது, அந்தக் குளிர்ந்த அரண்மனைக் குரல் மண்டபத்தை நிறைத்தது. சிவா அண்ணை பக்கத்தில் இருந்து சத்தமாகவே சொன்னார்: "இது அவவின்ர குரல் இல்லையே." தமிழில் சொன்னதால் மற்றவர்கள் செபம் என்று நினைத்துத் தலை குனிந்தார்கள்.

அன்று நோர்பரியில் பேசியது எங்கேயும் பதிவாகவில்லை. யாரும் பதிய வழியில்லை. அந்தப் படம் இனியும் ஓடும், மற்றக் குரலும் கூடவே ஓடும். கண்ணாடியில் இருக்கிற அறிவித்தல் மாதம் முடிந்ததும் இறங்கும், சிவா அண்ணை ஒருநாள் பிந்தமாட்டார். அவர் இந்த முறை மூக்குக்கண்ணாடி போட்டு, மூன்று தரம் வாசித்து, "மலர்வு", "உதிர்வு" இரண்டையும் சரியான ஆண்டுகளுக்குக் கீழே எழுதினார். நடுவில் அந்த வசனத்தை, நான் மேலே எழுதினபடி, எங்கள் பேச்சில் எழுதச் சொன்னேன். பிலோமினா அக்கா வாசித்துவிட்டு, "இது செத்தவீட்டு அறிவித்தலோ, கடைக்கு விளம்பரமோ?" என்று கேட்டா. ஐவி இருந்தால் அந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பார். நானும் சிரித்தேன்.

செத்தவீடு முடிந்த மறுநாள் காலை கடையைத் திறந்து லைற்றைப் போட்டேன். வெளியே புகார். தொலைபேசி அடித்தது, மரக்கறிக்காரன். எடுத்தேன். வழமையான குரல் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன். கொஞ்சம் பிந்தித்தான் சத்தம் வந்தது. வணக்கம், நல்ல முருங்கைக்காய் பத்துப் பெட்டி வேண்டும் என்றேன், ஆங்கிலத்தில்தான், ஆனால் யாழ்ப்பாணத்து நாக்கு புரண்டபடி.

மறுபக்கத்தில் அந்த மனிதன் கேட்டான்: "யார் பேசுறது?"

"நான்தான்," என்றேன். "ராசேந்திரம்."